ஜெப ஆப்புக்கு நான் எழுதிக்கொடுத்த அறிவிப்பு

1

“ஆமான்னு போடவா, இல்லேன்னு போடவா?”

“என்னத்தலே கேக்கான்?”

“ஆப்புக்குள்ள அடுத்தவன் எழுதின கோடிங் எதை எடுக்குது, எதுக்கு எடுக்குதுன்னு அறிவிக்கணுமாம். இல்லேன்னா ஆப் ஸ்டோர்ல ஏத்த மாட்டானாம்.”

“சரி, எதை எடுக்குது?”

“எனக்கு எப்படித் தெரியும்? சும்மா கெடச்சுது, ஒட்டுனேன். நீதான கதை எழுதுறவன். எழுதிக் குடு.”

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். கேட்டவன் ஸ்டெர்லின். தாராவியில் எங்கள் சபைக்கு ஜெப விண்ணப்ப ஆப் செய்தவன். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு.

2

முதல் முயற்சி: “பனி விழுந்துகொண்டிருந்த அந்த மாலையில், தொலைதூரத்து சர்வர்கள்—”

(தாராவியில் பனி ஏது? மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்தவர் சரக்கு. அறிவித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: “இந்த ஆப் எதையும் எடுப்பதில்லை.”

இவ்வளவு நம்பும்படி நான் எதையும் எழுதியதில்லை. “பிந்தாஸ், கவலையே இல்ல. இதையே போடு,” என்று சொல்லிவிட்டு ஸ்டெர்லின் சாய் குடிக்கப் போனான்.

3

அவன் போனதும் அவன் தங்கை அனிஷா வந்தாள்.

எங்கள் சபையில் விண்ணப்பம் வாசிக்கும்போது பெயர் சொல்வதில்லை. ‘ஒரு சகோதரி’ என்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.*

ஆப்பை முதலில் சோதித்துப் பார்த்தவள் அனிஷாதான். அவள் எழுதியது: ‘எனக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோக ஜெபியுங்கள். ஒரு சகோதரி.’

“கர்த்தர் இன்னும் பதில் சொல்லல அண்ணே. செம்பூர்ல ஒரு கல்யாண மண்டபம் பதில் சொல்லிட்டுது,” என்று போனை நீட்டினாள்.

மண்டப விளம்பரத்துக்குக் கீழே பட்டுச் சேலை விளம்பரம். அதற்கும் கீழே ஒரு வக்கீல்: ‘நிச்சயத்தை முறிக்க வேண்டுமா?’

“அம்மா பாட்டு கேக்கது இந்தப் போன்லதான்,” என்றாள்.

* ஒரு கண்ணைத் திறந்துவைத்து ஜெபிக்கும் முன்வரிசை லூசியம்மாளைத் தவிர.

4

மூன்றாம் முயற்சி: “நீங்கள் எழுதும் விண்ணப்பத்தை, இதில் ஒட்டியுள்ள கோடிங் விளம்பரக்காரர்களுக்குக் கொடுக்கிறது.”

ஸ்டெர்லின் அத்தாட்சி கேட்பான். அத்தாட்சி அவள் போன்.

(மாற்று முடிவு அ: ஸ்டெர்லின் தானே கோடிங்கைப் படித்துப் புரிந்துகொள்கிறான். வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

மாற்று முடிவு ஆ: பழைய பொய்யே போகிறது. ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் சபையில் எல்லாருடைய ரகசியமும்—)

“உள்ளதையே எழுதுங்க,” என்றாள் அனிஷா. “இன்னும் எத்தனை பேரு என்னென்ன எழுதப்போறாங்களோ. ஆனா நான் சொன்னேன்னு தெரியக்கூடாது.”

அதனால்தான் கதையாக எழுதினேன் என்று இந்தப் பக்கங்களைக் கொடுத்தேன். தமிழை எழுத்துக் கூட்டி, விரல் வைத்து வாசித்தாள்.

“என் பேரு அப்படியே இருக்கு.”

“மாத்திடுதேன்.”

“அண்ணன் பேரும் இருக்கு. எங்கிட்ட கேக்காமலே எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கீங்க. அந்தக் கோடிங்குக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

பதிலாக ஓர் அழகான வாக்கியத்தைத் தொடங்கினேன். அவள் காத்திருக்கவில்லை.

“நீங்க மாத்துறது இருக்கட்டும். வாசகருங்க இதுவரைக்கும் வாசிச்சிட்டாங்கல்லா, அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எங்க அம்மா வந்து விசாரிச்சா, இப்படி ஒரு பிள்ளையத் தெரியவே தெரியாதுன்னு சொல்லுவாங்களா?”