நடக்கிறவன் கடைசி

அந்த டாக்டரோடு சண்டை போடத்தான் அன்றைக்குக் கிளம்பினேன். படையிலிருந்து வந்தவர்களுக்கென்று இருக்கும் மருத்துவமனைக்கு என் வீட்டுக்காரர் மாதா மாதம் போகிறார், வருகிறார். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லையாம். நல்லா இருக்கேனாம்" என்பார். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, மறுபடி எப்போது வர வேண்டும் என்ற பேச்சே கிடையாது. நன்றாக இருக்கிற மனிதர் எதற்காகச் சமையலறைத் தரையில், அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவே சுருண்டு படுக்கிறார்? அதை எனக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டாமா?

போன வாரம் மகள் பேத்தியோடு வந்திருந்தாள். எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இழுத்து விட்டார். தடால் என்று ஒரு சத்தம். மறு நொடி பேத்தி தரையில் கிடக்கிறாள், அவளை மூடிக்கொண்டு இவர் கிடக்கிறார். பிள்ளையின் உதடு கிழிந்து ரத்தம். இவர் விடுவதாகவே இல்லை. நானும் மகளும் சேர்ந்து கையைப் பிரித்தோம். மகள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அப்பாவ ஒரு டாக்டர் ஒழுங்கா பார்த்து வைத்தியம் ஆரம்பிக்கட்டும்மா. அதுக்கப்புறம் பிள்ளையக் கூட்டிட்டு வரேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பேத்தியின் ஒரு செருப்பு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. இவர் அதைத் தொடவும் இல்லை, என்னைத் தொட விடவும் இல்லை.

அதனால்தான், "இந்த தடவ நானும் வரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"சும்மா. ஊரைப் பார்க்க."

முறைத்தார். நானும் முறைத்தேன். முறைப்பதில் என்னை ஜெயிக்க எந்தப் படையாலும் முடியாது.

மருத்துவமனைக் கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது நடு வரிசை. நல்ல நாற்காலிகள், மின்விசிறிக்கு நேர் கீழே, எல்லாம் காலி. ஆண்கள் அத்தனை பேரும் சுவரோரம் முதுகை ஒட்டிக்கொண்டு, சிலர் நின்றுகொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நடு வரிசையில், வேறு யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு மாறி வந்துவிட்டவள் மாதிரி தனியாக உட்கார்ந்தேன்.

"என்ன கியர், வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்துட்ட?" என்றார் செயற்கைக் கால் போட்டிருந்த ஒருவர். படையில் இவர் லாரி ஓட்டினவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் இவர் கியர்தான். பக்கத்தில் நின்ற ஆஜானுபாகுவான மனிதரை மலை என்றார்கள். மலை வாயே திறக்கவில்லை. சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை விரலால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து, "பன்னெண்டு!" என்றாள்.

பன்னிரண்டு இவருடைய டோக்கன். எழுந்தார். அப்பாடா என்று நினைத்தேன். இரண்டு எட்டு வைத்து, செயற்கைக் கால்காரரிடம் டோக்கனை நீட்டினார். "நீ போப்பா. நிக்க முடியாம நிக்கிற."

"எனக்கென்ன, ஒத்தக் கால்லயும் ஜம்முன்னு நிக்கிறேன். மலை போகட்டும். காலைலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

மலை டோக்கனை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு இவர் கையிலேயே கொண்டுவந்து வைத்தார். நர்ஸ் மறுபடி கத்தினாள். டோக்கன் மறுபடி கிளம்பி, இந்த முறை சுவரோரமாக ஒரு சுற்று வந்தது. பந்தியில் கடைசி வடையை யார் எடுப்பது என்று உபசரித்துக்கொள்வது போல நடந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பொறுமைக்கும் எனக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். நர்ஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். டாக்டர் சின்னப் பெண். ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லைன்னு எதை வெச்சு சொன்னீங்க? ஒரு நாள் எங்க வீட்ல வந்து இருந்து பாருங்க, அப்பத் தெரியும்!"

"யாரும்மா உங்க வீட்டுக்காரர்?"

கதவுக்கு வெளியே கையைக் காட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "கியர் சாரா? அவர் இந்த ரூமுக்குள்ள வந்ததே இல்லையே அக்கா" என்றாள்.

 மூட்டை கட்டிக் கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்கே ஒண்ணும் புரியலம்மா" என்றாள் டாக்டர். "வெளிய அவ்வளவு பேர் இருக்காங்க. உள்ள யாரும் வர மாட்டேங்கறாங்க. தப்பித் தவறி ஒருத்தர் வந்தா, எனக்கு ஒண்ணும் இல்ல, வெளிய இருக்கறவனப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிடறார். நான் வெளிய போய்க் கூப்பிட்டா, எல்லாரும் எழுந்து விறைப்பா நிக்கறாங்க."

வெளியே வந்து இவர் முன்னால் நின்றேன். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்? ஒண்ணும் இல்லதானே? நடக்கறேன், சாப்பிடறேன்."

"டாக்டர் உங்களப் பார்க்கவே இல்லையாமே!"

வாசலைப் பார்த்தார். "படையில அப்படித்தான். நடக்கிறவன் கடைசி. படுத்திருக்கிறவன்தான் முதல்ல. அடிபட்டவங்கள லாரில ஏத்தும்போது அப்படித்தான் ஏத்துவேன். நடக்கிறவன் ஏறி உட்கார்ந்துட்டா, படுத்திருக்கிறவன் கீழயே கிடப்பான்."

சுற்றி இருந்த எல்லாத் தலைகளும் ஆமோதித்து அசைந்தன.

"சரி. இங்க யாருங்க படுத்திருக்கா?"

கேட்டதும் அவர் நிஜமாகவே தேடினார். செயற்கைக் கால்காரரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போய், கடைசியில் என் முகத்தில் வந்து நின்றார். கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் முகம் அது.

"தெரியல" என்றார். "எனக்குத் தெரியல."

அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது. அவர் கன்னத்தைத் தொடலாமா என்று பார்த்தேன். அத்தனை பேருக்கு நடுவில் கூச்சமாக இருந்தது.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "யாராவது ஒருத்தர் வாங்க. டாக்டர் கிளம்பப் போறாங்க. இனி அடுத்த மாசம்தான்."

அடுத்த மாதம். வாசலில் அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் ஒரு மாதம் கிடக்கும். அதற்கு அடுத்த மாதமும் டோக்கன் சுவரோரமாகச் சுற்றும்.

நான் தரையில் உட்கார்ந்தேன். பிறகு, புடவை அழுக்காகிறதே என்ற நினைப்பையும் விட்டுவிட்டு, படுத்தேன்.

"என்னால நடக்க முடியல" என்றேன்.

நாடகம்தான். அந்த நொடிவரை நாடகம்தான். ஆனால் சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது, எழுந்திருக்கப் பார்த்தால் முழங்கால் நிஜமாகவே சொன்னபடி கேட்கவில்லை. எதுவரை நடிப்பு, எங்கிருந்து நிஜம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கூடமே எழுந்தது. அதுவரை ஒரு டோக்கன் அட்டையை யாரிடம் கொடுப்பது என்று தவித்தவர்களுக்கு இப்போது ஒரு குழப்பமும் இல்லை. நாற்காலிகள் நகர்ந்தன. "வழி! வழி விடு!" என்று மலை முழங்கினார், அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. செயற்கைக் கால்காரர் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இவர் குனிந்து என்னைத் தூக்கினார். வீட்டில் டீ டம்ளர் பிடித்தால் தளும்பும் அந்தக் கை கொஞ்சம்கூட ஆடவில்லை.

உள்ளே என்னை நாற்காலியில் இறக்கிவிட்டு விறைப்பாக நின்றார். அடிபட்டவரை ஒப்படைக்கும் ஓட்டுநராக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இவளுக்குத் தூக்கம் இல்ல மேடம். சாப்பாட்ட பாதியில வெச்சுட்டு எழுந்துடறா. கதவு சத்தம் கேட்டாலே திடுக்குனு ஆகிடறா. மகள்கிட்ட போன்ல பேசும்போது நல்லா இருக்கோம்னு சொல்றா, வெச்சுட்டு பாத்ரூம்ல போய் அழறா."

இதையெல்லாம் இவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"எப்போலேர்ந்து சார் இப்படி?" என்றாள் டாக்டர்.

"நான் வீட்டுக்கு வந்ததுலேர்ந்து."

"ஏன் தூக்கம் இல்ல?"

"ராத்திரி சத்தம்."

"என்ன சத்தம்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"நான் போடற சத்தம்" என்றார்.

டாக்டர் எழுந்து வந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்களும் உட்காருங்க சார்."

"வெளிய அவனுங்க இருக்கானுங்க மேடம்..."

"இருக்கட்டும். இவங்க எழுந்து நடக்கணும்னா முதல்ல உங்களப் பார்க்கணும்."

அவர் நாற்காலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். சின்ன அறை, வேறு இடமில்லை. உட்கார்ந்தால் முதுகு கதவுப் பக்கம்தான் இருக்கும். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இப்போது வெளியே போய்விடுவார், அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது.

எழுந்தேன். முழங்கால் சொன்னபடி கேட்டது. என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், கதவை அடைத்த மாதிரி, வெளியே பார்த்துப் போட்டுக்கொண்டேன்.

"நான் பார்த்துக்கறேங்க" என்றேன். "நீங்க உட்காருங்க."

கதவின் கண்ணாடி வழியாக மலையும் மற்றவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் காவல் இருந்தேன். பிறகு பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவர் முதுகு என் முதுகில் வந்து சாய்ந்தது.