லோஜினியின் பேர்

சைகை என்றால் சும்மா கையை ஆட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்த வகுப்பை, வினோதா டீச்சர் ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். விரல்களை எப்படி மடக்குவது, கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் அசைப்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு சொல். ராகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாராவாரம் அவள் பஸ் ஏறி வந்ததே ஒரு பிள்ளைக்காகத்தான். ஒன்பது வயது லோஜினிக்குக் காது கேட்காது. அவளோடு பேச மற்றப் பிள்ளைகளும் சைகை படித்தார்கள்.

அன்று பெயர்ப் பாடம். சைகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. சுருட்டை முடிக்காரனுக்குச் சுருள், தெத்துப்பல்காரிக்குப் பல். உன் பெயர் என்ன என்று வினோதா கையால் கேட்டதும் லோஜினி முந்திக்கொண்டு எழுந்தாள். தன் நெஞ்சைத் தொட்டாள். இரண்டு விரலால் மூக்கைப் பொத்தி, முகத்தைச் சுளித்தாள்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து லோஜினியும் சிரித்தாள்.

"யாரு இந்தப் பேர வச்சது?"

"எல்லாரும் அப்புடித்தான் கூப்புடுவோம் டீச்சர்," என்றான் கிஷாந்த், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அவங்கப்பா வாசக்கூட்டி. லயத்து வீடுங்க கக்கூசெல்லாம் அவருதான் கழுவுறாரு."

வாசலில் நின்ற பள்ளிக்கூட அதிபர் கணேசமூர்த்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்க டீச்சர், சின்னப் புள்ளைங்க. அவளுக்கு வெளங்கவா போகுது?"

வினோதா அவரை முறைத்தாள். சீ, இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா! ஊரே அசிங்கம் பண்ணிவைக்கும், ஒரு மனுஷன் கழுவுவான், மூக்கைப் பொத்துவது மட்டும் அவன் பிள்ளையைப் பார்த்து! படித்த மனுஷன் பல்லைக் காட்டுகிறார்! அந்தச் சின்ன முகங்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

லோஜினியின் கன்னக்குழியைக் காட்டினாள். சுட்டுவிரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினாள். "இனிமே இதுதான் இவ பேரு. செய்யுங்க எல்லாரும்!" என்று கத்தினாள். பிள்ளைகள் மிரண்டுபோய்ச் செய்தார்கள். லோஜினிக்கு ஒன்றும் புரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அம்மா மீனம்மா வந்தாள். வாசலில் நின்றபடியே மகளைப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். லோஜினி துள்ளிக்கொண்டு ஓடினாள்.

வினோதா மீனம்மாவிடம் போனாள். "அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாங்க?"

"தெரியும் டீச்சர்," என்றாள் மீனம்மா, தரையைப் பார்த்தபடி. "வேற எப்புடிக் கூப்புட்டாலும் வரமாட்டேங்குறா."

வினோதா மீனம்மாவின் விரலைப் பிடித்து அவள் கன்னத்திலேயே வைத்துப் புதுப் பெயரைக் காட்டினாள். லோஜினி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். அம்மா தப்பாகச் செய்கிறாள் என்று நினைத்து, அந்த விரலைக் கன்னத்திலிருந்து மெதுவாக எடுத்து, மூக்கில் வைத்தாள். முகத்தையும் சுளித்துக் காட்டினாள். அம்மாவுக்குச் சரியாக வரும்வரை விடவில்லை.