கிணற்றில் அகப்பட்ட கோள்

1985ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு நண்பகலில், நீர்வேலியில் நமசிவாயத்தின் வாழைத்தோட்டத்துக் கிணற்றில் ஒரு கோள் அகப்பட்டது. கண்டவன் அடைக்கலநாதன். குருநகரில் மீன்பிடித்தவன், சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்தபின் அலவாங்கு எடுத்துக் கிணறு வெட்டப் போனான். சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பதினெட்டு முழம் இறங்க, ஊற்று முழங்கால் மட்டும் ஏறியது. அதற்குள் கறுப்பாக ஒன்று மெல்லச் சுழன்றது. அள்ளினான், தண்ணீரோடு அதுவும் கைக்குள் வந்தது, ஒழுகியபோது கூடவே போனது. அண்ணாந்தான். பட்டப்பகலில், நேர் உச்சியில், அதே கறுப்புக் கல் நின்றது.

“கடலிலை மீன் பிடிச்சனி, இப்ப கிணத்திலை கோள் பிடிக்கிறாய்,” என்றார் நமசிவாயம். என்றாலும் வட்டுக்கோட்டைக்கு ஆள் அனுப்பினார். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்ந்த மரியரட்ணம் மாஸ்டர் சைக்கிளில் வந்து, கயிற்றில் இறங்கி, மூன்று நண்பகல் அளந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஆயிரக்கணக்கான சிறுகோள்களில் ஒன்று; இதுவரை எவரும் காணாதது. நீளம் நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் மட்டும். வடிவம் இராசவள்ளிக்கிழங்கு, ஒரு பக்கம் பள்ளம். கரியைப்போல நிறம், விழும் வெயிலில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் திருப்பித் தரும். ஏழு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும். சூரியனைச் சுற்றி இந்தக் கிணற்றுக்கு மேலே திரும்பிவர ஐந்து வருடமும் இரண்டு மாதமும் எடுக்கும். அப்படி மூன்று வருகையைக் கண்டு எழுதினால், கண்டவன் பெயர் வைக்கலாமாம்.

1987 ஐப்பசியில் ஷெல் விழுந்து அடைக்கலநாதனின் மகள் யோசப்பின் செத்தாள். வயது ஒன்பது. சேமக்காலைக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. நமசிவாயம் தோட்டத்து மூலையைக் காட்டினார். அங்கே புதைத்து நட்ட மரச்சிலுவையை இரண்டு மாரிக்குள் கறையான் தின்றது. கல் வைக்கலாமென்று நினைக்கும்போது சீமெந்துக்கும் தடை வந்தது. 1990 ஆவணியில் கோள், மாஸ்டர் கணக்குச் சொன்ன கிழமையில், கிணற்றுக்கு வந்தது.

“யோசப்பின் எண்டு எழுதுங்கோ மாஸ்டர். அவளுக்கு ஒரு கல்லும் இல்லை.”

“பொறடாப்பா, இன்னும் ஒருக்கா வரவேணும்,” என்றார் மாஸ்டர். அவருக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் தரம் அது வரவேண்டிய 1995 ஐப்பசியில் படை நெருங்க, நீர்வேலிச் சனம் ஊரைவிட்டு எழும்பியது. மாஸ்டர் கோளின் கணக்கு எழுதிய கொப்பிகளோடு எந்தப் பக்கம் போனாரென்று எவருக்கும் தெரியாது. மூட்டை கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி அடைக்கலநாதனின் மனைவி லூர்த்தம்மா கத்தினாள். “இஞ்சேருங்கோ, ஷெல் கிட்ட விழுகுது! நாங்களும் செத்தால் ஆர் பேர் வைக்கிறது?” அவன் நண்பகல்வரை கிணற்றடியை விட்டு அசையவில்லை. கோள் வந்தது. எழுதித்தர ஆளில்லாதபடியால், ஒரு வாளி தண்ணீரில் அதை மொண்டு, வாழையிலையால் மூடி, சைக்கிள் கைபிடியில் கொழுவினான்.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட சனம் நெரிந்து நின்றது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வாளியைப் பார்த்தாள்.

“அண்ணை, பிள்ளைக்கு ஒரு மிடறு.”

அவன் வாளியைக் கைபிடியிலிருந்து கழற்றினான். பிறகு இலையை எடுத்தான். “தாறன். குடிக்கமுன்னம் யோசப்பின் எண்டு சொல்லு, தங்கச்சி.”

“ஆரண்ணை அது?”

“உதுக்குள்ளை சுத்துதெல்லே, அதின்ரை பேர்.”

அவள் குனிந்து பார்த்தாள், சொன்னாள், குடித்தாள், குழந்தைக்கும் பருக்கினாள். பிறகு ஆளாளாக வந்தார்கள். ஒருவரும் அதிசயப்படவில்லை, கோளைப் பார்த்து அதிசயப்பட அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கு நேரம்? “வாய்க்குள்ளை நுழையாத வேதக்காரப் பேராக் கிடக்கு,” என்று கிறிஸ்தவப் பேர் பழகாத ஒரு திருநீற்றுக் கிழவர் சலித்தார். இரண்டு தரம் பிழையாகச் சொல்லி, மூன்றாம் தரம் சரியாகச் சொல்லிவிட்டே குடித்தார்.

கடைசி மிடறு லூர்த்தம்மாவுக்கு. அவள், பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல அந்தப் பெயரைச் சொன்னாள். வாளி காலியானது. மழை தொடங்கியது. முகிலுக்கு மேலே யோசப்பின் தன்பாட்டில் சுற்றிக்கொண்டு போனாள்.