நதிக் கடவுளின் 'கூடாது'

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்தாள்.

விளையாட்டுச் சாமான் கடையின் மாடியறை அது. மேசையைச் சுற்றி மூன்று கடவுள்கள். பல் டாக்டர் மலைக் கடவுள், கல்லூரிப் பெண் கடல் கடவுள், லாரி டிரைவர் காற்றுக் கடவுள். மூவரும் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டை முதல்முறையாக வெளியாட்கள் ஆடுகிறார்கள்.

கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். "கடை சாத்துறதுக்குள்ள இவங்க ஒரு உலகத்தைப் படைச்சுக் காட்டட்டும், விக்கிறதுக்கு வைக்கிறேன். இல்லைன்னா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புங்க."

மற்ற கடைகளெல்லாம் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன.

விதி எளிது. ஒரு கடவுள் சொன்னதை அட்டையில் எழுதி மேசையில் வைத்தால் அது உலகத்தில் சேரும். வேறு கடவுள் 'கூடாது' என்றால் சேராது.

"இங்க ஒரு கடல் வரட்டும்," என்றாள் கல்லூரிப் பெண்.

"கூடாது. என் மலைக்கு இடம் வேணும்," என்றார் டாக்டர்.

"அப்ப உங்க மலையும் கூடாது!"

"ரெண்டும் வேணாம் விடுங்க," என்றார் டிரைவர். "ரோடு நேரா போகும்."

மேசை காலியாகவே கிடந்தது. கீழே கடைக்காரர் ஷட்டர் கம்பியைத் தேடும் சத்தம்.

அக்கா விருட்டென்று படிக்கட்டுக்குப் போனாள். தம்பி பின்னாலேயே ஓடினான்.

"வீட்ல எத்தனை தடவை ஆடினோம்! ஒரு தடவைகூட இப்படி ஆகலையேடா!"

"வீட்ல உன்கிட்ட யாருக்கா 'கூடாது'ன்னு சொல்லுவாங்க? அம்மாவே சொல்ல மாட்டாங்க. அத்தானைக் கேக்கவே வேணாம், கடவுளா உட்கார்ந்தாலும் தலையாட்டி பொம்மைதான்."

"நான் என்ன பூதமா?"

"சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேசவே மாட்ட. அந்தப் பயத்துலதான் விளையாட்டே ஓடிச்சு. இங்க அந்தப் பயம் இல்ல. 'கூடாது' ஓசியில கிடைக்குது."

தம்பி ஒரு படி இறங்கி அவளுக்கு எதிரே நின்றான்.

"அதுக்கு விலை வைக்கணும்க்கா. தடுக்கிறவங்க, தான் படைச்சதுல ஒண்ணை அழிக்கணும். எதுவுமே படைக்காதவங்க தடுக்க முடியாது."

"கடவுளுக்கு அபராதமா? விதி என்னோடது. மாத்த மாட்டேன்."

தம்பி அவளை நேராகப் பார்த்தான். "கூடாது," என்றான்.

"என்னடா சொன்ன?"

"அப்படியே விடக் கூடாதுங்கறேன். விலையும் கொடுக்கறேன். பெட்டி மேல நான் வரைஞ்ச படம். எடுத்துடு."

அந்தப் படத்தில் யாரையும் கை வைக்க விட்டதில்லை அவன்.

அக்கா உள்ளே போனாள். பெட்டியிலிருந்து படத்தை உரித்து அவன் கையில் திணித்தாள். மேசையைத் தட்டிப் புது விதியைச் சொன்னாள். இருவரும் ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடல் வந்தது. கைவசம் ஒன்றுமில்லாத டாக்டரால் தடுக்க முடியவில்லை. மலை வந்தது. டிரைவர் கரையோரம் ஒரு புயலை நிறுத்தினார். கல்லூரிப் பெண் "கூ..." என்று ஆரம்பித்து, தன் கடலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தம்பி மலையிலிருந்து ஒரு நதியை இறக்கினான்.

நெருப்புக் கடவுளான அக்கா அட்டையை வைத்தாள். "இந்த உலகத்துல யாருக்கும் சாவு கிடையாது."

தம்பி தன் நதி அட்டையை எடுத்தான். இரண்டாகக் கிழித்தான்.

"கூடாது."

அக்காவின் முகம் இறுகியது. பிறகு தன் அட்டையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல நதிடா அது," என்றாள். "சரி, அடுத்து யாரு?"

கடை சாத்தப்போவதாகச் சொல்ல வந்த கடைக்காரர், ஷட்டர் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்தார்.

"நான்தான். இருட்டுக்கு ஒரு கடவுள் வேணாமா?"