கதவு மூடாத வருடம்

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு ஜூன் மாதம் கிருத்திகா ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, அல்சூர் ஏரிக்கரைப் பக்கத்துப் பள்ளியில் அவள் இருக்கும் அறையின் கதவு மூடவில்லை. சாத்தினால் சாத்திக்கொள்ளும், கையை எடுத்ததும் தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப்போல மெல்லத் திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் போட்டால் தாழ்ப்பாள் தானே விலகும். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று தச்சரை அழைத்தார்கள். அவர் ஓரத்தை இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்; கதவு திறந்தது. சிவாஜி நகரிலிருந்து புதுக் கீல் வாங்கி மாட்டினார்கள், அதுவும் திறந்தது. பிள்ளை கழிப்பறைக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான். வகுப்பாசிரியை ஜூலியா தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

ஜூலியாவுக்குச் சொந்த இடம் ரிச்சர்ட்ஸ் டவுன். பாட்டன் காலத்திலிருந்து அந்த ஊர்தான். கதவு விஷயத்தை அவர் யாரிடமும் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளையின் கதை அவருக்கு ஓரளவு தெரியும். அப்பா உத்தமன் திருப்பத்தூரிலிருந்து வந்து பைக் ஷோரூமில் மெக்கானிக்காக இருந்தார். மர்பி டவுனில் ஒரு மாடி போர்ஷனில் குடித்தனம். அந்தப் பிப்ரவரியில் ஒருநாள் காலை கிருத்திகாவின் அம்மா குளிக்கப் போனாள். உள்ளே கேஸ் கீசர். கையகல ஜன்னலையும் குளிருக்கு அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளை வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவந்து உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள உத்தமனின் அக்கா மங்களம் வந்து சேர்ந்தாள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பிள்ளையிடம் சொன்னது அவள்தான். சொன்னதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பத்தூரிலிருந்து பிள்ளையின் சித்தி போன் செய்து, அம்மாவாகவே பேசினாள். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே குரல். பெரியவர்கள் எல்லோரும் கூடிப் பேசி, பிள்ளை நொறுங்கிப் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. கிருத்திகா போனைக் காதில் வைத்துக்கொண்டு ம், ம் என்பாள். பிறகு அத்தையிடம் கொடுத்துவிடுவாள். அந்த வீட்டில் குளியலறைக்குத் திரை தொங்கியது, ஃபிரிட்ஜ் திறந்தே கிடந்தது. பஸ்ஸில் ஏறினால் கதவு மூடாமல் கண்டக்டர் கத்துவார். ஆட்டோக்காரர் நாகேஷுக்கு மட்டும்தான் ஒரு கஷ்டமும் இல்லை. "நம்ம வண்டிக்குக் கதவே கிடையாது, அப்புறம் எதுக்கு டென்ஷன்? பாப்பா, ஹத்து ஹத்து!" என்று கன்னடத்தில் ஏறச் சொல்லி, தினமும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

ஆனால் பள்ளிக்கூடம் ஆட்டோ இல்லையே. திறந்த கதவு வழியே நாய் வந்து டிபன் பாக்ஸைக் காலி செய்தது. தேர்வு நேரத்தில் காற்றில் தாள்கள் பறந்தன. பெற்றோர்கள் முறையிட்டார்கள். தலைமை ஆசிரியர் சேஷகிரி கெட்டவர் இல்லை, பயந்தவர். "டீச்சர், காலையிலேருந்து போன் மேல போன். தசரா லீவு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கதவு மூடலேன்னா டி.சி. கொடுத்துடலாம். எனக்கு வேற வழி தெரியலே" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்ட கலக்கத்தில்தான் ஜூலியா மறுநாள் நைலான் கயிற்றால் கதவை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கதவு நிலையோடு சேர்ந்து சுவரிலிருந்து கழன்று, காரை கொட்டாமல், வராண்டாவில் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கிருத்திகாவைக் காணோம். ஜூலியா குனிந்து பார்த்தார். அவள் பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். விரல் முட்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத மெல்லிய தட்டல். ஜூலியாவும் புடவை அழுக்காவதைப் பார்க்காமல் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மணி அடிக்கும்வரை இருவரும் வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலமே ஜூலியா சுனிதாவைத் தேடிப் போனார். பயந்துபோன பிள்ளைகளுக்கு மனத்துணையாக இருக்கும் வேலை சுனிதாவுக்கு. கன்னடக்காரப் பெண், தமிழ் சரளமாக வரும். வந்து, வகுப்பில் ஒரு காலைப் பொழுது முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். போகும்போது சொன்னாள்: "மேடம், கதவை விட்டுடுங்க. யாரும் உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு பாப்பா காவல் காக்கிறா. நீங்க கதவோட சண்டை போட்டா அவளோட சண்டை போட்ட மாதிரிதான்."

நிலையை மறுபடி சுவரில் பொருத்திக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். கிருத்திகாவின் இடம் வாசல் தெரிகிற மாதிரி மாறியது. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று காலையிலேயே சொல்லிவிடுவார் ஜூலியா. அறையை விட்டு யார் போனாலும் அவளிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்னபடி திரும்பி வரவேண்டும் என்று சுனிதா ஒரு வழக்கத்தைப் பழக்கினாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் பிடித்துக்கொண்டது. சேஷகிரியும் ஒருநாள் வாசலில் நின்று, "கிருத்திகா, கல்வி ஆபீஸ் போயிட்டு மூணு மணிக்கு வந்துடறேன்" என்றார். மூன்றரைக்குத் திரும்பியவரை அவள் ஏற இறங்கப் பார்த்து, "லேட்டு சார்" என்றாள். பள்ளிக்கு வந்த பிறகு அவள் வாயைத் திறந்து சொன்ன முதல் சொற்கள் அவை. சேஷகிரி சாரி கேட்டார். ஆனாலும் கதவு மூடவில்லை, தசராவும் நெருங்கியது.

வீட்டில் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றாள் சுனிதா. மங்களம் சீறினாள். "சின்னப் புள்ளகிட்ட சாவைப் பத்திப் பேசுவாங்களா? நாக்கு எப்படிம்மா வரும்?"

"அவளுக்குத் தெரியாமலா அக்கா கதவு இப்படித் திறக்குது?" என்றாள் சுனிதா.

லீவுக்கு முந்தின சாயங்காலம், பள்ளி விட்ட பிறகு, அந்த வகுப்பிலேயே உட்கார்ந்தார்கள். டீச்சரும் இருக்கவேண்டும் என்று பிள்ளை கேட்டதால் ஜூலியா பக்கத்தில் இருந்தார். உத்தமன் எண்ணெய்க் கறை போகாத கைகளைப் பார்த்தபடியே, "பாப்பா, அம்மா ஊருக்குப் போகல. அம்மா செத்துப்போயிட்டா" என்றார்.

"தெரியும்ப்பா. போன்ல பேசறது சித்தி."

"ஐயோ, உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் மங்களம்.

"சித்தி கிருத்தின்னு கூப்பிடுது. அம்மா குட்டிக்கழுதைன்னுதான் கூப்பிடுவாங்க."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"சித்தி அழுதுட்டே பேசுது அத்தை. பாவம்."

பிறகு அவளே அப்பாவிடம் கேட்டாள்: "நான் பாலைக் கீழ ஊத்திட்டேன். அந்தக் கோவத்துலதான் அம்மா தட்டத் தட்டத் திறக்கலையாப்பா?"

"இல்லடா கண்ணு. உள்ள கெட்ட காத்து நிறைஞ்சிருச்சு. அம்மா மயங்கிட்டா. நீ தட்டினது அவளுக்குக் கேக்கல. கேட்டிருந்தா உடனே திறந்திருப்பா."

அவள் மறுபடி மறுபடி அதையே கேட்டாள். உத்தமன் ஒவ்வொரு தடவையும், ஒரு சொல்லும் குறைக்காமல், அதையே சொன்னார். பிறகு பிப்ரவரியிலிருந்து அவள் அழாத அழுகை வந்தது. அது வந்த வேகத்தில் பள்ளியின் எல்லாக் கதவுகளும் திறந்தன, அப்புறம் தெருவில், அல்சூர் மார்க்கெட்டின் நகைக்கடை ஷட்டரிலிருந்து மர்பி டவுன் சந்துகளின் தகரக் கதவுகள் வரை அத்தனையும் திறந்தன. ஒரு பொருளும் களவு போகவில்லை. ஜனங்கள் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுக்காரர்களைப் பார்த்து, வெகுநாள் ஆயிற்றே என்று நலம் விசாரித்துக்கொண்டார்கள். சேஷகிரி தம் அறையில் திறந்துகொண்ட பீரோவில் டி.சி. புத்தகத்தை உள்ளே தள்ளி வைத்தார். பிறகு வகுப்புக்கு வந்து, "தசரா முடிஞ்சதும் வந்துடணும், என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு சித்தி சித்தியாகவே போன் செய்தாள். கதவுகள் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. இரண்டாம் வகுப்பில், கிருத்திகா தானே சாத்தினால் மூடின. ஐந்தாம் வகுப்பில் அப்பாவோடு லிஃப்டில் ஏறினாள். இப்போது மைசூர் ரோடு பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடப் பொறியியல் படிக்கிறாள். அவள் அறைக்கதவு மற்றவர்களுடையதைப் போலத்தான் மூடுகிறது.

ஜூலியாவுக்கு அந்த வருடம் மனத்தில் அப்படியே இருக்கிறது. அப்போது ஏரிக்காற்று நேராக வகுப்புக்குள் வரும். ராணுவ மைதானத்தில் பேண்டு பழகும் ஓசை வரும். வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கே சொல்வார்கள். பதினோரு மணிக்கு பேக்கரியிலிருந்து பன் வேகும் வாசனை வரும், அதற்குமேல் யாருக்கும் கணக்கு ஏறாது. தூறல் விழுந்தால் முதல் பெஞ்சு நனையும். முதல் பெஞ்சுக்குத்தான் போட்டி. வாசலில் நிழல் கொடுத்த தூங்குமூஞ்சி மரம் ரோடு அகலமானபோது போய்விட்டது, பேக்கரி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகள் எங்கே சந்தித்தாலும் அந்தக் காற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இன்றைக்கும் சில ஜூன் மாதங்களில் ஏதாவது ஒரு வகுப்பின் கதவு மூடாமல் போகிறது. தச்சரை யாரும் கூப்பிடுவதில்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளை யார் என்று டீச்சர் விசாரித்து, மெல்லப் பக்கத்தில் போய் உட்காருகிறார். மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கு, இந்த வருடம் காற்று கொஞ்சம் அதிகம் இருக்கும், ஸ்வெட்டர் போட்டு அனுப்பவும் என்று பள்ளியிலிருந்து செய்தி போகிறது. பெற்றோர்கள் ஏன் என்று கேட்பதில்லை. ஸ்வெட்டர் போட்டு அனுப்புகிறார்கள்.