அரசுத் தரப்பில் மணிமொழி

சட்டக் கல்லூரியில் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். நரைத்த தலை, பருத்திப் புடவை, கழுத்தில் சிலுவை, கையில் குடை. வேறு என்ன நினைப்பார்கள்? நான் நேராகப் போய் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரித்தார்களே ஒரு சிரிப்பு! அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் 'ஐரின் மிஸ்'. கூடப் படிக்கிறவளை மிஸ் என்று கூப்பிடும் வகுப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மந்தைவெளியில் வீடு. பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். சட்டம் படிக்க வயது வரம்பு இல்லை என்று என் மகன் லாய்ட்தான் கண்டுபிடித்து வந்தான். அம்மாவின் அறிவு வளரட்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. நான் வீட்டிலேயே இருந்தால் அவன் மனைவி லிசாவுக்கும் எனக்கும் தினம் ஒரு வழக்கு நடக்கும். சண்டை போடுவது எனக்குக் கைவந்த கலை. அதற்கு ஒரு பட்டம் இருந்தால் நல்லதுதானே என்று சேர்ந்துவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் பேராசிரியர் சண்முகவேல் சார் ஒவ்வொருவரையும் எழுப்பி, பேர், ஊர், ஏன் சட்டம், பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம். தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் வலியுல்லா ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் அம்பயராம். "தீர்ப்பு சொல்லியே பழகிடுச்சு சார், அதை முறையா கத்துக்கலாம்னு வந்தேன்" என்றார். மயிலாப்பூர் வர்ஷினி, "எங்காத்துல தாத்தா, அப்பா, அத்திம்பேர் எல்லாரும் வக்கீல். நான் மட்டும் பறவை பாக்கறவ. அடையாறு ஆத்துக்காக வாதாடணும்னு வந்திருக்கேன்" என்றாள். அவளுக்கு அடுத்து எழுந்தவள் மணிமொழி. ஒல்லி, பெரிய கண்கள், தூக்கக் கலக்கம்.

"ஊர் கோட்டூர்புரம் சார். ஆத்தோரம். இப்ப பெரும்பாக்கத்துல கீறோம். எங்க நைனா படிக்கச் சொன்னாரு, படிக்கிறேன்."

"பொழுதுபோக்கு?"

"பஸ்ல தூங்கறது சார்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள் அல்லவா, அதில் ஒரு குடும்பம் அவளுடையது. விடியுமுன் கிளம்பினால்தான் முதல் வகுப்புக்கு வர முடியும். எனக்கு அவளைப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. மத்தியானம் என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு என்று ஆயிற்று. அவள் தன் வீட்டைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். நைனா வாட்ச்மேன் வேலை பார்க்கிறார், அம்மா ஜானகி அங்கே போன பிறகு காலமாகிவிட்டாள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாம் பருவத்தில் 'மாதிரி நீதிமன்றம்' வந்தது. இல்லாத ஒரு வழக்கை வைத்துக்கொண்டு, நிஜக் கோர்ட் போலவே கறுப்புக் கோட் போட்டு வாதாடும் பயிற்சி. தீர்ப்புச் சொல்ல ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் வருவார். வழக்கு, ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களை அரசு வெளியேற்றியது சரியா என்பது. யாருக்கு எந்தப் பக்கம் என்று சண்முகவேல் சார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். குடியிருந்தவர்கள் பக்கம் வர்ஷினிக்கு விழுந்தது. அரசுத் தரப்பு மணிமொழிக்கு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நேரே அவர் அறைக்குப் போனேன். "சார், அந்தப் பொண்ணை அவ வீட்டை இடிச்சது சரின்னு பேசச் சொல்றீங்களே, மனசாட்சி இருக்கா? ரெண்டு பேரையும் மாத்திவிடுங்க."

"மிஸ்," என்றார் அவரும். "பிடிச்ச பக்கம் மட்டும்தான் பேசுவேன்னா ஏதாவது கட்சியில சேரலாமே. கறுப்பு கோட்டு எதுக்கு?"

வெளியே வந்தால் மணிமொழி நிற்கிறாள். "உடு மிஸ். அந்தப் பக்கம் இன்னா பேசுவாங்கோன்னு எனக்குத்தான் நல்லா தெரியும். அதைக் கேட்டுக்கினே வளந்தவ நானு."

பிறகு அவளும் வர்ஷினியும் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து சேர்ந்தே தயார் செய்தார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே மேஜையில். "உங்க கரையில என்ன பட்சி வரும்?" என்று வர்ஷினி கேட்டாளாம். "காக்கா" என்றாளாம் இவள். அந்த நூலகத்திலிருந்து எட்டி நடந்தால் இவள் பிறந்த இடம். அங்கே போய்ப் பார்க்கலாமே என்று வர்ஷினி கூப்பிட்டதற்கு மட்டும் மணிமொழி மாட்டேன் என்றுவிட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் கருத்தரங்க அறை நிரம்பிவிட்டது. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து தயங்கி நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் கழற்றிய செருப்பு.

"செருப்பைப் போட்டுக்குங்க, பரவாயில்லை" என்றேன்.

"ஜட்ஜய்யா வர்ற எடம்மா" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "நான் மணிமொழியோட நைனா. கோதண்டபாணி. அது வர வாணாம்னு சொல்லிச்சு. மனசு கேக்கல, சொல்லாம வந்துட்டேன். இன்னிக்கு எங்க கேசு தானே?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஐயா, இது நிஜ கேஸ் இல்லை. பிள்ளைங்களுக்குப் பயிற்சி. மாதிரி கோர்ட்டு."

"தெரியும்மா. மணி சொல்லிக்கீது. மாதிரி தான்." அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "எங்கள அங்க இட்டுக்கினு போறதுக்கு மின்னாடியும் மொதல்ல மாதிரி வூடுதான் காட்டுனாங்கோ. சுண்ணாம்பு அடிச்சு, பைப்பு வச்சு, அம்சமா இருந்திச்சு. அப்பால அதே கணக்கா நெச வூடு குடுத்தாங்கோ. இதுவும் அப்படித்தானே? மாதிரி கோர்ட்டுல கெலிச்சா, பின்னாடி நெச கோர்ட்டு வரும். மெதுவா வரட்டும். திரும்ப அங்கயே போயிட்டா போதும்."

என் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். 'மாதிரி' என்ற அந்த ஒரு சொல்லை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது என்று தெரியவில்லை.

"அங்கே என்னய்யா இருக்கு இப்போ? வெறும் வேலிதானே?"

"என் பையன் கீறான்மா" என்றார். "விக்கி. மணிக்குத் தம்பி. ஒண்ணாங்கிளாஸ் படிச்சான். அந்தப் பெரு வெள்ளத்துல ஆறு இட்டுக்கினு பூடுச்சு. கெடைக்கவே இல்ல. எங்கியும் பொதைக்கல, கொள்ளி வைக்கல. அவனுக்குன்னு எடம் அந்த ஆறுதான். பக்கத்துல இருந்தா அவங்கூட ரெண்டு வார்த்த பேசலாம். பெரும்பாக்கத்துலேருந்து கூப்புட்டா அவனுக்குக் கேக்குமா?"

மணிமொழி நூலகத்திலிருந்து அந்தக் கரைக்குப் போக மறுத்தது எதனால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் கோர்ட் சேவகராக இருந்த வலியுல்லா எழுந்து "சைலன்ஸ்" என்று அதட்ட, நீதிபதி வந்து உட்கார்ந்துவிட்டார்.

வர்ஷினி முதலில் பேசினாள். நன்றாகவே பேசினாள். வேலைக்குப் போகும் தூரம், பிள்ளைகளின் பள்ளி, பிழைப்பு, வாழும் உரிமை. கோதண்டபாணி கைகூப்பியபடி கேட்டார். "யாரு பெத்த பொண்ணோ, நம்ப வூட்டுப் பொண்ணு மாதிரி பேசுது" என்று என் காதருகே சொன்னார். அடுத்து மணிமொழி எதிர்ப்பக்க மேஜையிலிருந்து எழுந்தாள்.

"மணி ஏன் அந்தாண்ட நிக்கிது?"

"சீட்டுக் குலுக்கினாங்க ஐயா. அவளுக்கு அரசாங்கத்துப் பக்கம் வந்தது."

"எங்களுக்கு வூடும் சீட்டு குலுக்கித்தான் குடுத்தாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மணிமொழி திணறினாள். ஆற்றின் அகலம், நீர்ப்பிடிப்பு, பழைய தீர்ப்புகள் என்று தாளைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். நீதிபதி குறுக்கிட்டார். "அம்மா, பிழைப்பு போச்சுன்னு அவங்க சொல்றாங்க. அதுக்கு உங்க பதில் என்ன? பேப்பரைப் பாக்காம சொல்லுங்க."

அவள் தாளைக் கீழே வைத்தாள். தூணுக்குப் பின்னால் இருந்த எங்களை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

"கனம் நீதிபதி அவர்களே, அந்தக் கரையில ஒரு வீட்ல ஒரு சின்னப் பையன் இருந்தான். ஒண்ணாங்கிளாஸ். தண்ணி வந்தப்போ ஏறி ஓட அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. அவனை ஆறு அடிச்சிட்டுப் போச்சு. அவங்க அப்பாவுக்கு அந்த ஆத்தைப் பத்தித் தெரியாதா? தெரியும். மழைன்னா தண்ணி உள்ள வர்ற வீடுதான் அது. தெரிஞ்சேதான் அங்க பிள்ளையைப் படுக்க வச்சாரு. பிழைப்பு பக்கத்துல இருக்குன்னு வச்சாரு. உசுரு போன பிள்ளைக்கு எந்தப் பிழைப்பு, எந்த உரிமை? பெத்தவங்களே காப்பாத்தாத இடத்துல, அரசுதான் காப்பாத்தணும். அதனாலதான் வெளியேத்தினாங்க."

நான் பக்கத்தில் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பெண் ஒரே பதிலில் வழக்கை முடித்துவிட்டார். ஆபத்து என்று தெரிந்தும் பெற்றவர்களே பிள்ளையை அங்கே வைத்திருந்தால், அரசு தலையிடுவது தப்பே இல்லை. தீர்ப்பு அரசுக்குச் சாதகம். சிறந்த பேச்சாளரும் இவர்தான்" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வலியுல்லா குஷியில் ஒரு விரலை உயர்த்தி அவுட் காட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

கோதண்டபாணியும் எழுந்து நின்றார். மேடையைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தாழ்வாரத்தில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபோது, பரிசு வாங்கி வெளியே வந்த மணிமொழி அவரைப் பார்த்துவிட்டாள். கையில் கோப்பை, பக்கத்தில் வர்ஷினி. அவள் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"நைனா! நீ எப்ப வந்த?"

"அப்பவே வந்துட்டேன். நல்லா பேசின மணி. தெளிவா பேசின."

"நைனா, அது சும்மா. ஜட்ஜி கேட்டாரு, பதில் வரல, வாயில வந்தத சொல்லிட்டேன். கேசுக்காகப் பேசினது நைனா. நான் அப்படி நெனைக்கவே இல்ல."

"பரவால்ல, உடு." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இத்தினி வருசமா யாரும் என்னை அந்தக் கேள்விய கேக்கல. உங்கம்மா சாவற வரைக்கும் கேக்கல. நாந்தான் என்னையே கேட்டுக்கினு இருந்தேன், எம்மேல தப்பு கீதா இல்லியான்னு. பதில் தெரியாம இருந்திச்சு. இன்னிக்கு ஜட்ஜய்யா சொல்லிட்டாரு."

"அவரு ரிட்டயர்டு ஆனவரு நைனா! இது தீர்ப்பே இல்ல. மிஸ், நீங்களாவது சொல்லுங்க மிஸ்."

நான் சொன்னேன். இது பயிற்சி ஐயா, யார் மேலும் குற்றம் இல்லை, வெள்ளத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்று என்னென்னமோ சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு மகளிடம் திரும்பினார்.

"இனிமே அங்க திரும்பிப் போவறதப் பத்திப் பேச வாணாம் மணி. எந்த மூஞ்ச வச்சிக்கினு நான் அவங்கிட்ட போறது?"

மணிமொழி அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். கை தட்டியவர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூச்சத்தோடு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து அவள் தோளைத் தொட்டார்.

"எந்திரி மணி. கோட்டு அழுக்காவுது பாரு."