கழற்றி வைத்த தக்கை

படகின் பின்புறத்தில், அடிமட்டத்தை ஒட்டி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதனை அடைக்கும் பித்தளைத் தக்கையைக் குறித்து அண்ணனும் தம்பியும், இருவரும் சேர்ந்து படகு வாங்கிய நாள் முதலாகவே மாறுபட்டு நின்றனர். படகு கரையில் நிற்கும்போது தக்கையைக் கழற்றிவிட வேண்டும், மழைநீர் தானே வடிந்துவிடும் என்பது வெல்டிங் பட்டறை நடத்தும் அண்ணனின் கட்சி. கழற்றினால் படகை இறக்கும்போது மாட்ட மறந்துபோகும் என்பது லிஃப்ட் பழுதுபார்க்கும் தம்பியின் கட்சி.

சென்ற மழைக்காலத்தில் தம்பியின் கட்சி தோற்றது. அவன் வீட்டுக் கொல்லையில் டிரெய்லர்மேல் நின்ற படகு, தக்கை மாட்டியபடியே தொட்டி போல் நிறைந்தது. பாரம் தாங்காமல் டிரெய்லரின் அச்சு வளைந்தது, பேட்டரி பாழாயிற்று. அச்சை நிமிர்த்திக் கொடுத்த அண்ணன், அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். கடைத்தெருவில் எதிர்ப்பட்டாலும் யாரையோ கடப்பதுபோல் கடந்து போனான். பெற்றோர் மறைந்தபின் எஞ்சிய ஒரே உடன்பிறப்பின் இந்த மௌனம் தம்பியை உள்ளூர அரித்தது.

ஆகவே இம்மழைக்கு அவன் வீம்பைக் கைவிட்டான். மரக்கட்டை வைத்துப் படகின் முகப்பை உயர்த்தினான். தக்கையைக் கழற்றி, ஸ்டியரிங்கில் மாற்றுத்தக்கை எப்போதும் தொங்கும் அதே சிவப்புக் கயிற்றில் கட்டினான். மழை கொட்டித் தீர்த்த பின்னும் படகின் அடி உலர்ந்தே கிடந்தது.

“அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்” என்றாள் மனைவி.

“நானே சொன்னா தம்பட்டம் அடிச்ச மாதிரி இருக்கும். அவரே வந்து பார்க்கட்டும். பார்த்தா ஒரு வார்த்தை பேசாம போயிடுவாரா?”

“அவர் வாய் துருப்பிடிச்சுக் கிடக்கு. நீங்க எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கீங்க.”

மழை ஓய்ந்ததும், தம்பி வேலைக்குச் சென்ற நேரமாகப் பார்த்து, அண்ணன் படகை எடுக்க வந்தான். உடன் வந்தவன் பட்டறைக் கூட்டாளி. அவன் குரலுக்காகவே ஊர் அவனைப் பீரங்கி என்றது. கதவைத் திறந்துவிட்ட தம்பி மனைவி, “தக்கை விஷயமா அவர் உங்ககிட்ட...” என்று தொடங்கினாள்.

“தக்கையா? போதும்மா. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்” என்றான் அண்ணன்.

“உன் தம்பி அதை வெல்டு வெச்சே அடைச்சிருப்பான்!” என்று பீரங்கி வெடித்துச் சிரித்தான்.

டிரெய்லர் தெருமுனையைத் தாண்டியதும் அவள் கணவனை அழைத்தாள். அவன் அண்ணனை அழைத்தான். அழைப்பு துண்டிக்கப்பட்டது. மீண்டும் அழைத்தான், மீண்டும் துண்டிக்கப்பட்டது. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, வழக்கமாகப் படகை இறக்கும் ஏரிக்கு விரைந்தான்.

அவன் சென்றடைந்தபோது படகின் பின்பாதி நீருக்குள் அமிழ்ந்திருந்தது. என்ஜின் தலை மட்டும் தெரிந்தது. இடுப்பளவு நீரில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் அவனைக் கண்டதும் வாய் திறந்தான்.

“வாடா! வேடிக்கை பார்க்க வந்தியா?”

“அண்ணா, நீங்க சொன்ன மாதிரிதான் கழட்டி வெச்சேன். கயித்துல ரெண்டு தக்கை தொங்குச்சே, பார்க்கலையா?”

“கயித்துல எப்பவும்தான் தொங்குது! அதைப் போய் எண்ணிக்கிட்டு இருப்பாங்களா? இத்தனை வருஷமா என் பேச்சைக் கேக்காதவன், இந்த வருஷம் மட்டும் கேட்டியாக்கும்?”

“கேட்டேன்ணா. உங்களுக்காகத்தான்...”

“எனக்காகவா! என்னை முழுக வெச்சு நாலு பேர் சிரிக்கணும், அதுக்காக.”

கரையில் நின்ற சிலர் உண்மையாகவே சிரித்தனர். தம்பி நீரில் இறங்கிக் கயிற்றின் மறுமுனையைப் பற்றினான். மேலும் ஒரு முறை நடந்ததைச் சொல்ல எண்ணினான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் கசந்துபோயிற்று.

“ஆமா, வேணும்னுதான் செஞ்சேன்” என்றான். “இப்ப திருப்தியா?”

அண்ணன் அதனை மறுபேச்சின்றி நம்பினான். தலையைக் கூட ஆட்டினான். பிறகு கரையை நோக்கித் திரும்பி, “பீரங்கி, இந்தப் பக்கம் நீ வந்து பிடி. அந்தாளைக் கயித்தை விட்டுட்டுப் போகச் சொல்லு” என்றான்.

தம்பி உடனே விடவில்லை. பீரங்கி வாய் பேசாமல் நீரில் இறங்கி வந்து, அவன் விரல்களைக் கயிற்றிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தான்.